அண்ணன் அனுப்பிய ஆறு நிமிடம்

அண்ணன் துபாயிலிருந்து பேசியது ஒன்றரை நிமிடம்கூட இருக்காது. புதன்கிழமை சாயங்காலம். அப்போது இரும்புலியூரில் எங்கள் வீட்டில் டெலிபோன் கிடையாது. எதிர்வீட்டு நம்பருக்குத்தான் கூப்பிடுவான். அவர்கள் மாடியிலிருந்து குரல் கொடுத்தால் யாராவது ஓட வேண்டும். அன்று அப்பா ஷிஃப்ட் முடிந்து வரவில்லை. வெள்ளிக்கிழமை அக்காவுக்கு நிச்சயம் என்பதால் அம்மாவும் அக்காவும் சாமான் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். ஓடியது நான்.

"நீயா? நல்லதாப் போச்சு" என்றான். பின்னால் பஸ் ஹார்ன் சத்தம் கேட்டது. "உன் மெயிலுக்கு ஒண்ணு அனுப்பிருக்கேன். நானே பேசி ரெக்கார்ட் பண்ணது. முதல்ல நீ கேளு. அப்புறம் அக்காவுக்குப் போட்டுக் காட்டு. அப்பாவுக்கு இப்ப வேணாம்."

"மாப்பிள்ளையைப் பத்தியா?"

"ஆமா. வெள்ளிக்கிழமைக்குள்ள அவ கேட்டே ஆகணும், புரியுதா? போன் கார்டு முடியப் போகுது, நான்..."

அவ்வளவுதான். திரும்பக் கூப்பிடுவான் என்று கால் மணி நேரம் அந்த வீட்டுக் கூடத்தில் நின்றேன். கூப்பிடவில்லை. அவன் தங்கியிருந்த இடத்துக்கு நாங்கள் பேசுவதற்கு நம்பர் எதுவும் இல்லை.

மாப்பிள்ளையும் துபாயில்தான் வேலை பார்த்தார். சூப்பர்வைசர் என்று தரகர் சொல்லியிருந்தார். ஒரு மாத லீவில் வந்திருந்தார். அவர் துபாயிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி அப்பாதான் அண்ணனுக்குச் சொல்லியிருந்தார். அண்ணனும் பார்த்துவிட்டு, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று போனில் சொன்னான். அதை நம்பித்தான் தேதி குறித்தார்கள். இப்போது அதே அண்ணன் அப்பாவுக்குத் தெரியாமல் ஏதோ சொல்ல வருகிறான். குடியா, வேறு கல்யாணமா, நோயா? சாமான் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா சிரித்தபடி உள்ளே வந்தபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யார் போன் என்று அம்மா கேட்டாள். அண்ணன் சும்மா விசாரித்தான் என்றேன்.

ஏன் எழுதி அனுப்பவில்லை என்று இன்று யாராவது கேட்கலாம். தொண்ணூறுகள் அப்போதுதான் முடிந்திருந்தன. அங்கே தமிழில் அடித்தால் இங்கே கட்டம் கட்டமாகத்தான் வந்து விழும். ஆங்கிலத்தில் எழுத அவனுக்குக் கூச்சம். கடிதம் வர பத்து நாள் ஆகும். அவன் அறையில் இருந்த ஒருவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் மைக் இருந்தது. தங்கை கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறவள், அவளுக்குத் தெரியாததா என்று நினைத்துவிட்டான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தாம்பரம் மேற்கில் பிரௌசிங் சென்டர் ஷட்டரைத் தூக்கும்போதே நான் வாசலில் நின்றேன். மெயில் வந்திருந்தது. கோப்பு ஒரு எம்பிக்குக் கொஞ்சம் மேல். இறங்க அரை மணி நேரம் ஆனது. அங்கே எந்தக் கம்ப்யூட்டரிலும் ஸ்பீக்கர் கிடையாது. ஃப்ளாப்பியில் ஏற்றினேன். ஒன்றை நம்ப முடியாது என்று இரண்டாவதிலும் ஏற்றிக்கொண்டு முடிச்சூர் ரோட்டில் இருந்த எங்கள் சென்டருக்கு நடந்தேன்.

எங்கள் சென்டரில் பதினாறு கம்ப்யூட்டர்கள். சத்தம் வரும் கம்ப்யூட்டர் ஒன்றுதான், அது சென்டர் நடத்திய சாரின் அறையில் இருந்தது. கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்பது அன்று ஒரு அதிசயம். கம்ப்யூட்டரோடு கூடவே வரும் பிளேயர் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, சிடியைப் போட்டால் பாடும், அவ்வளவுதான். பிறகு யாரோ ஒருவர் கொடுத்த சிடியிலிருந்து அந்தச் சின்னக் கறுப்புப் பிளேயர் வந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. பாட்டு ஓடும்போது பச்சைப் பட்டைகள் ஏறி இறங்கும். மேலே பாட்டின் பெயர் எழுத்து எழுத்தாக நகர்ந்து போகும். அதன் தோலை மாற்றலாம்; மரப்பெட்டி போல, கார் டேஷ்போர்டு போல. ஒரு படத்தின் பாட்டு முழுக்க ஒரு சிடியில் விரல்நுனி இடத்தில் அடங்கிவிடும் என்றால் முதலில் யாரும் நம்பவில்லை. எனக்கு அந்தப் பிளேயர் எல்லாவற்றையும் பாடும் என்று நம்பிக்கை. வகுப்பில் அப்படித்தான் சொல்லியும் வந்தேன்.

சார் வருவதற்கு முன் அவர் அறையில் உட்கார்ந்து ஃப்ளாப்பியைச் செருகினேன். கறுப்புப் பிளேயர் கோப்பின் பெயரைத் தன் பட்டியலில் எழுதிக்கொண்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிளே அழுத்தினேன். பூஜ்யம் பூஜ்யம் என்று காட்டிவிட்டு நின்றது. பட்டைகள் அசையவே இல்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடி பூஜ்யம். சாம்பல் பிளேயரில் போட்டேன். இந்த வகைக் கோப்பு தனக்குத் தெரியாது என்று ஒரு பெட்டி வந்து நின்றது. கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த மூன்றெழுத்தை அழித்துவிட்டு, பாட்டுக் கோப்புகளுக்கு இருப்பதுபோல் எம்பி3 என்று மாற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கரிலிருந்து தகரத்தைத் தேய்ப்பது போல ஒரு இரைச்சல். இதுவா அண்ணன் குரல்? சட்டென்று நிறுத்தினேன். கோப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்து இரண்டாவது ஃப்ளாப்பியைத் தொடவே இல்லை.

சார் வந்து எட்டிப் பார்த்தார்.

"இது வேற கம்பெனி ஃபார்மட்மா. அவங்க பிளேயர்லதான் ஓடும். ஒவ்வொருத்தனும் தனித்தனியா ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கான்."

"அது எங்க கிடைக்கும் சார்?"

"நெட்லதான். ஃப்ரீதான். ஆனா அஞ்சாறு எம்பி இருக்கும். நம்ம லைன்ல மதியம் ஆயிடும், பாக்கறியா?"

பார்த்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஏதோ பயிற்சியைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தேன். பதினெட்டு சதவீதம். முப்பத்தொன்று. நாற்பத்தாறு. பன்னிரண்டு மணிக்கு ரிசப்ஷனில் ஒரு பெண்மணி, மகனுக்கு அட்மிஷன் விசாரித்துவிட்டு, வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கொள்கிறேன் என்று ரிசீவரை எடுத்தார். இணையமும் அதே லைனில்தான்; அறுந்தது. மறுபடி தொடங்கினால் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. நான் சாரின் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சார் என் முகத்தைப் பார்த்தார்.

"ஊரப்பாக்கத்துல ஸ்டேஷன் பக்கத்துல ஒரு ரிக்கார்டிங் கடை இருக்கு. கேசட் பதிஞ்சிட்டிருந்தவர், இப்ப கம்ப்யூட்டர் வெச்சு சிடி போடறார். எல்லா பிளேயரும் வெச்சிருப்பார். நான்கூட அங்கதான் பாட்டு வாங்கறேன். போய்ட்டு வா, கிளாஸை நான் பாத்துக்கறேன்."

செங்கல்பட்டு வண்டிக்காகத் தாம்பரம் பிளாட்பாரத்தில் இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். மின்சார ரயிலின் அடியில் இருக்கும் மோட்டாரின் காந்தம் ஃப்ளாப்பியை அழித்துவிடும் என்று யாரோ ஒருமுறை சொன்னது ஏறிய பிறகு ஞாபகம் வந்தது. உண்மையா பொய்யா தெரியாது. இரண்டு ஃப்ளாப்பியையும் கைக்குட்டையில் சுற்றித் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி நின்றேன். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. எதிரில் பூக்கூடையோடு இருந்த அம்மா வண்டலூர் வரை என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடை சின்னது. சுவர் முழுக்க கேசட். நடுவில் மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், அதன் மூடியைக் கழற்றி வைத்து உள்ளே ஒரு மேஜை ஃபேன் காற்று வீசிக்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். வாசலுக்கு மேலே இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளில் பாட்டு அலறியது.

"அண்ணா, இந்தக் கோப்பைத் திறக்கணும்."

ஃப்ளாப்பியை வாங்கிப் போட்டுப் பார்த்தார். "அட, இதுவா. இதுக்கு அந்த ஃபாரின் ரேடியோ எல்லாம் பாடுமே, அந்தப் பிளேயர் வோணும். புக்கோட ஓசியா வந்த சிடில கீது. இன்னும் போடல. பாட்டா?"

"இல்லண்ணா. எங்க அண்ணன் பேசினது. வீட்டு விஷயம்."

ஒரு கணம் என்னைப் பார்த்தார். சிடியைத் தேடி எடுத்துப் போட்டார். அது லேசில் உள்ளே வரவில்லை. பெயர் கேட்டது, ஊர் கேட்டது, மெயில் கேட்டது. காசு கொடுத்து வாங்கு என்று ஒரு பக்கம் முழுக்கக் கேட்டுவிட்டு, இலவசம் என்பதை மூலையில் பொடி எழுத்தில் வைத்திருந்தது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனார். கடைசியில் அது வந்து திரையில் பாதியை அடைத்து உட்கார்ந்தது. அவர் தன் பாட்டு ஒன்றைத் தட்டிப் பார்த்தார். கறுப்புப் பிளேயருக்குப் பதில் இதுதான் திறந்தது. இன்னொன்றைத் தட்டினார். அதுவும் அப்படியே.

"இன்னாமா இது! என் பாட்டு எல்லாம் இதுக்குள்ள பூந்துகினுச்சே. மூவாயிரம் பாட்டு வெச்சிகினு கீறேன், செம பேஜாராப் பூட்சே!"

"சாரிண்ணா. மாத்திடலாம். நானே மாத்தித் தரேன். முதல்ல இதை மட்டும்..."

குரல் உடைந்துவிட்டது. அவருக்கே சங்கடமாகிவிட்டது. "சரி சரி, அழுவாத. உன்து பாப்போம்" என்று என் கோப்பைத் திறந்தார். அது ஓடவில்லை. இந்தக் கோப்புக்கு வேண்டிய ஒரு பாகம் இல்லை, இணையத்திலிருந்து எடுக்கட்டுமா என்று கேட்டது. அவர் மோடத்தை முடுக்கினார். கீச்சென்று கத்திவிட்டு நின்றது. எங்கேஜ்டு. மறுபடி. எங்கேஜ்டு. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை. மூன்றாவது முறை லைன் கிடைத்தது. பாகம் சின்னதுதான், நாலைந்து நிமிடம். அந்த நேரம் முழுக்க நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது.

"ஓடும்னு நெனைக்கறேன்" என்றார். உடனே வாசலுக்கு மேல் இருந்த ஸ்பீக்கர்களைப் பார்த்தார். கம்ப்யூட்டர் அவற்றோடுதான் இணைக்கப்பட்டிருந்தது. எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கினார். பழைய ஹெட்ஃபோன் ஒன்றைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். "நான் டீ குடிச்சுட்டு வரேன். இந்தப் பட்டனத் தட்டு. யாரும் உள்ள வர மாட்டாங்க." ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார்.

முதலில் ஏசி இரைச்சல். பிறகு, "ஹலோ... ஹலோ... இது ஏறுதா?" என்று அண்ணன் யாரையோ கேட்டான். அந்த ஆள் மலையாளத்தில் ஏதோ சொன்னார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அக்கா. நான்தான். சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அவர் சூப்பர்வைசர் இல்ல. தண்ணி லாரி ஓட்டறார். ஒன்பது வருஷமா ஓட்டறார். போன மாசம் நான் பாக்கப் போனப்ப அவரே எங்கிட்ட சொன்னாரு. 'வீட்டுல எங்க அம்மா மாத்திச் சொல்லிட்டாங்க, நான் ஊருக்குப் போய் உங்க அப்பா கிட்ட நேர்ல சொல்லிடறேன், அதுவரைக்கும் நீங்க சொல்லாதீங்க'ன்னு கேட்டுக்கிட்டார். சரின்னுட்டேன். ஆனா போன வாரம் அப்பா போன்ல சூப்பர்வைசர் மாப்பிள்ளை, சூப்பர்வைசர் மாப்பிள்ளைன்னு வாய் நிறைய சொல்றாரு. அப்ப அவர் இன்னும் சொல்லல. ஆள் நல்லவர்தான்க்கா. குடி இல்ல. கூட இருக்கறவங்க எல்லாரும் நல்லபடியாத்தான் சொல்றாங்க. நான் வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. அப்பாகிட்ட சொன்னா அவர் கத்தி எல்லாத்தையும் முடிச்சுடுவார். உன்னைக் கேக்க மாட்டார். அதான் உன்கிட்ட சொல்றேன். நீ முடிவு பண்ணு."

அதற்குப் பிறகும் இரண்டு நிமிடம் ஓடியது. அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. நாற்காலி நகர்ந்தது. "கவலைப்படாத" என்று ஒருமுறை சொன்னான். என்னிடமா அக்காவிடமா தெரியவில்லை.

கடைக்காரர் திரும்பியபோது நான் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது புதிய கவலை. இதை அக்கா கேட்க வேண்டும். வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருப்பார்கள். நாளை காலை பத்து மணிக்கு நிச்சயம். இன்றைக்கு அவளை எப்படி ஊரப்பாக்கத்துக்கு அழைத்து வருவது? நானே வாயால் சொல்லிவிடலாம். ஆனால் அவள் தன் காதால் கேட்கட்டும் என்றுதான் அவன் இவ்வளவும் செய்திருந்தான்.

"வூட்ல டேப் ரெக்கார்டர் கீதா?" என்றார் அவர்.

"இருக்கு."

"அப்பறம் இன்னா. இதுதான என் தொழிலே." கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயரை கேசட் டெக்கில் செருகினார். புதுக் கேசட் ஒன்றைப் பிரித்தார். சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டு, டெக்கின் முள் ஆடுவதை மட்டும் பார்த்துக்கொண்டு ஆறு நிமிடமும் நின்றார். ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லை. முள் நின்றதும் கேசட்டை எடுத்து நீட்டினார். நான் சொன்னபடி அவர் பாட்டுகளை எல்லாம் கறுப்புப் பிளேயருக்குத் திருப்பி மாற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. வாசலில் அப்பா வாழை மரம் கட்டுபவரோடு பேசிக்கொண்டிருந்தார். அக்காவைப் பின்கட்டு அறைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டேன். டேப் ரெக்கார்டரைக் கட்டிலில் வைத்து, ஒலியைக் குறைத்து, இருவரும் அதன்மேல் குனிந்து கேட்டோம். வெளியே அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். 'தண்ணி லாரி' என்ற இடத்தில் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். முடிந்ததும் அவளே ஸ்டாப் பட்டனை அழுத்தினாள்.

"அப்பாவுக்குச் சொல்லாத. நாளைக்கு மாப்பிள்ளை வரட்டும்" என்றாள். போய் அம்மாவோடு உட்கார்ந்து தேங்காய்க்கு மஞ்சள் பூசினாள்.

மறுநாள் அவர்கள் வந்து காபி குடித்து முடித்ததும், மாப்பிள்ளையோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று அக்கா சொன்னாள். பெரியவர்களுக்குத் திகைப்பு. அவருடைய அம்மா, "இப்ப எல்லாம் இது சகஜம்தான்" என்று சிரித்தார். துணைக்கு என்னை அனுப்பினார்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நான் நின்றேன். பதற்றம் எனக்குத்தான். அக்கா நிதானமாக இருந்தாள்.

"அங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள். தெரியும் என்று காட்டிக்கொள்ளவே இல்லை.

அவர் தூரத்தில் தெரிந்த ஜிஎஸ்டி நெடுஞ்சாலைப் பக்கம் பார்த்தார். "வீட்டுல... சூப்பர்வைசர்னு சொல்லியிருப்பாங்க."

"நீங்க சொல்லுங்க."

"லாரி ஓட்டறேன். தண்ணி லாரி. இன்னைக்குச் சொல்லிடணும்னுதான் வந்தேன்."

"நான் கேக்காம இருந்திருந்தா?"

அவர் அக்காவை நேராகப் பார்த்தார். "தெரியல" என்றார்.

அக்கா தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கினாள். அவரும் பின்னாலேயே வந்து, கூடத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, அப்பாவிடம் தானே சொன்னார். அவர் அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அப்பா சத்தம் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் கூடத்தில் இருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை; தட்டில் வைத்த பழங்களை ஈ மொய்த்தது. நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். லாரிகள் போகும் ரோடு, அப்பா இருக்கும் மனநிலைக்கு என்ன ஆகுமோ என்று பயம். திரும்பி வந்தவர் அக்காவை மட்டும் பார்த்து, "நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார். அண்ணன் கணக்கு அங்கே தப்பிப்போனது. அப்பா கேட்டுவிட்டார்.

"வேணாம்ப்பா" என்றாள் அக்கா. "லாரி ஓட்டறதுக்காக இல்ல."

அவர்கள் எழுந்து போனார்கள். அன்று சாயங்காலம் கேசட் விஷயம் வெளியே வந்தது. அப்பா என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை. அண்ணன் தன்னிடம் மறைத்ததைவிட, வீட்டு விஷயத்தைக் கடைத்தெருவில் போட்டுக் கேட்டேன் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கடைக்காரர் சத்தத்தை அடைத்துவைத்ததைச் சொன்னேன். நம்பவில்லை.

அடுத்த வருடமே அக்காவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் அந்தத் 'தெரியல' உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கோப்பு கடைசிவரை திறக்காமல் போயிருந்தால், அக்கா அவரை மாடிக்குக் கூப்பிட்டிருக்க மாட்டாள். காபி குடித்து முடித்துத் தட்டு மாற்றும் முன் அவர் தானாகவே வாயைத் திறந்திருப்பாரோ? சொல்லத்தான் வந்தேன் என்றாரே. அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "வாயைத் திறந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? ஆனா கேசட்டைக் கேட்ட பிறகு, சொல்வாரா மாட்டாரான்னு அந்த அரை மணி நேரம் என்னால உக்காந்து காத்துக்கிட்டு இருந்திருக்க முடியாது" என்றாள்.

அந்த நிச்சயத்துக்கு ஒன்றரை வருடம் கழித்து அண்ணன் லீவில் வந்தான். வந்ததும் வராததுமாக அவன் கேட்டது, "குரல் தெளிவா இருந்துச்சா? மூணு தடவை பேசினேன், ரெண்டு தடவை கம்ப்யூட்டர் முழுங்கிடுச்சு" என்பதுதான். இரைச்சல் இருந்தது, ஆனால் புரிந்தது என்றேன். சாப்பிடும்போது வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னான். ஒரு நாள் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றதாம். அவர்தான். ஏறச் சொல்லி, அவன் தங்கியிருந்த இடம்வரை கொண்டுவந்து விட்டாராம்.

"என்ன பேசினார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பேசல. எறங்கும்போது மட்டும் 'உங்க அக்கா நல்லா இருக்காங்களா'ன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"கல்யாணம் ஆயிடுச்சு, நல்லா இருக்கான்னேன். சந்தோஷம்னுட்டு வண்டியை எடுத்தார்."

அண்ணனைப் பார்க்க வந்திருந்த அக்கா அப்போது அடுப்படியில் இருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று நான் திரும்பிப் பார்த்தேன். ரசம் கொண்டுவந்து அவன் தட்டில் ஊற்றினாள்.